ஊமை இடம்

ரேடியோவை முதலில் போட வேண்டும், பிறகுதான் வண்டியை. அணைக்கும்போது வண்டியை முதலில், பிறகுதான் ரேடியோவை. மாற்றிச் செய்தால் வண்டி யார் பேச்சையும் கேட்காமல் தன் போக்கில் ஓடிப்போய்ச் சுவரில் முட்டும் என்று கோயமுத்தூர்ப் பொம்மைவண்டிக் கடைக்காரர் நிரஞ்சன் முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு இந்த ஒழுங்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஏன் பிடித்தது என்று நிரஞ்சனுக்குத் தெரியாது, என் மனைவி சாரதாமணிக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும், எனக்கும் தெரியாத மாதிரிதான் இத்தனை நாள் வைத்திருந்தேன். ரேடியோ என்றால் பாட்டுப் பெட்டியில்லை, வண்டியை ஓட்டுகிற ரிமோட், அதைப் போட்டவுடன் வலது கட்டைவிரலை அதன் குச்சியின் மேல் வைத்துவிடுவேன். வைத்த பிறகுதான் இடது கை போய் வண்டியின் சுவிட்சைத் தட்டும். அணைக்கும்போதும் கட்டைவிரல் அங்கேயேதான் இருக்கும், இடது கைதான் போய் அணைக்கும். அதனால் இந்த வண்டிக்கு உயிர் இருக்கிற நேரத்தில் என் வலது கை குச்சியின்மேல் இல்லாத ஒரு நொடியை நான் பார்த்ததே கிடையாது. பார்க்கவும் வேண்டாம். பார்த்தால் என்ன தெரிந்துவிடுமோ அது எனக்குத் தெரிய வேண்டாம். இப்போது மதியம், சாரதாமணி பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருப்பாள், அவள் வர நேரமிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, அரிசி அளக்கிற படியைக் கவிழ்த்து, அதன்மேல் வண்டியை ஏற்றி வைத்திருக்கிறேன், முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி. டிரெய்லர் இழுக்கிற லாரியின் முன்வண்டிதான், அப்படியே சின்னதாக, என் முழங்கை நீளத்துக்கு. பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. பல்லடத்தில் தறிச்சத்தம் கேட்காத வீடு எங்கே இருக்கிறது. தறி ஓடினால் எங்கள் வீட்டுச் சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை வரும். ஆகவே இந்த மேசைமேல் எது ஆடினாலும் அது தறியால் ஆடுகிறது. இதை யாரும் மறுக்க முடியாது. நான் நிச்சயமாக மறுக்க மாட்டேன்.

காலையில் கூரியர்க்காரர் வந்தார். புது சர்வோ. சர்வோ என்றால் வேறொன்றுமில்லை, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி, உள்ளே ஒரு மோட்டார், நாம் குச்சியை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவுக்கு முன்சக்கரத்தைத் திருப்பும். இது இரண்டாவது சர்வோ. கூரியர்க்காரர் போனை நீட்டி, "விரல்லயே கையெழுத்துப் போட்ருங்க சார்" என்றார். குழந்தைவேல் என்று எழுதப் போனேன், கோழி கிளறின குப்பை மாதிரி ஒன்று வந்தது. "ஸ்கிரீன் சரியில்ல போலங்க" என்றேன். "எல்லாருக்கும் அப்படித்தாஞ் சார் வருது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தேன். எல்லாருக்கும் அப்படித்தான் வருகிறது. எல்லாருக்கும். வெயிலில் சுற்றுகிற மனிதர், பொய் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகிறது. மோரை நான்தான் ஊற்றினேன், டம்ளரில் ஊற்றும்போது சொம்பின் வாய் டம்ளரின் விளிம்பில் டிங் டிங் டிங் என்று தட்டியது, அவர் அதைக் கேட்டாரா தெரியவில்லை, தறி ஓடிக்கொண்டிருந்தது, கேட்டிருக்காது.

முதன்முதலில் நிரஞ்சன் கடைக்குப் போனபோது அவர் கேட்டார், "அண்ணா, ரெடியா ஓட்டற மாதிரி வேணுமா, இல்ல கிட்டா?" பெட்டியைப் பிரித்து பாட்டரி மாட்டினால் ஓடுகிற வண்டி ஒரு பக்கம் அடுக்கியிருந்தது. இன்னொரு பக்கம் கிட். அந்தப் பெட்டிக்குள் சட்டம், அச்சு, கியர்பெட்டி, சக்கரம், கூண்டு, ஒரு பை நிறையத் திருகாணி, அவ்வளவுதான். மோட்டார் கிடையாது, மோட்டாருக்கு எவ்வளவு கரன்ட் போக வேண்டும் என்று அளந்து விடுகிற கன்ட்ரோலர் கிடையாது, சர்வோ கிடையாது, ரேடியோ கிடையாது, பாட்டரி கிடையாது, சார்ஜர் கிடையாது. எல்லாவற்றையும் நாமே ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். கிட் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம், ஐ.டி. வேலையை விட்டுவிட்டுக் கடை வைத்தவர், ஐம்பது தாண்டிய ஒருவன் வந்து தனக்காகவே கிட் கேட்டால் விடுவாரா, டீ வரவழைத்துவிட்டார். மோட்டார் வேகமானது வேண்டாம், மெதுவாகப் போனாலும் பலமாக இழுக்கிறது வேண்டும் என்றேன், "தெரிஞ்சுதான் கேக்கறீங்கண்ணா" என்று எடுத்து வைத்தார். ரேடியோவில் துப்பாக்கி மாதிரிப் பிடித்து ஓட்டுகிறது இருந்தது, அதை விட்டுவிட்டு இரண்டு குச்சி உள்ளதை எடுத்தேன், ஏனென்றால் என் வேலை ரிமோட்டும் அப்படித்தான் இருக்கும். சர்வோவின் முறை வந்தபோதுதான் நான் கில்லாடித்தனம் பண்ணினேன். உலோகப் பல்சக்கரம் உள்ள நல்ல சர்வோவை அவர் நீட்டினார். நான் பிளாஸ்டிக் பல்லு உள்ள மட்டமானதைக் கேட்டேன். "அது நடுங்கும்ணா. நேராவே நிக்காது, சின்னதா துடிச்சுட்டே இருக்கும்" என்றார். "பரவால்லீங்க, பழகறதுக்குத்தான" என்றேன். நடுங்கும் என்று அவர் சொன்னதால்தான் அதைக் கேட்டேன். உலகத்தில் எவனாவது நடுங்குகிற சாமானைத் தேடிப்பிடித்து வாங்குவானா? நான் வாங்கினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது மடியில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு, இனி எது நடுங்கினாலும் அதற்கொரு காரணம் கையில் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கினேன், சூலூர் வந்ததுகூடத் தெரியவில்லை.

என் வேலை என்னவென்று சொன்னால் ஊரில் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள். காத்தாடி இறக்கை, அதுதான் உடுமலைக் காட்டில் சுற்றுகிறதே காற்றாலை, அதன் ஒற்றை இறக்கை ஒரு தெரு நீளம் இருக்கும். அதை டிரெய்லரில் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். முன்னால் ஓட்டுகிற டிரைவருக்கு வால் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. வளைவு வந்தால் வால் தனியாகத் திரும்ப வேண்டும், கடைசிச் சக்கரங்கள் தனியாகத் திரும்ப வேண்டும், அதைத் திருப்புகிறவன் நான். கழுத்தில் ரிமோட்டை மாட்டிக்கொண்டு வாலோடு கூடவே நடப்பேன். வலது கட்டைவிரல் குச்சியின் மேல். ஒரு நெல்மணி அளவு தள்ளினால் இறக்கையின் நுனி ஒரு சாண் போகும். ஒரு கட்டிடத்துக்கும் இன்னொரு கட்டிடத்துக்கும் நடுவில், கரன்ட் கம்பிக்குக் கீழே, கடைப் பலகைக்கு மேலே, எத்தனை வளைவு, ஒரு கீறல் விழுந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமையெல்லாம் போய்விட்டது, பயத்தில்தான் சொல்கிறேன். சந்தைக்கடை முக்கு என்று ஒரு வளைவு இருக்கிறது, எல்லாவற்றிலும் மோசம். ஒருபுறம் கல்யாண மண்டபத்துச் சுவர், மறுபுறம் பூக்கடை. பூக்கடை என்றால் கடையில்லை, ஒரு சாக்கு, ஒரு கூடை, ஒரு குடை, மாரக்கா. கருக்கலில் முதல் பஸ்ஸுக்கே பூவோடு வந்து உட்கார்ந்துவிடும். நாங்களும் கருக்கலில்தான் போவோம், ஆள் நடமாட்டம் இருக்காது என்று. ஆரம்பத்தில் வண்டியைப் பார்த்தாலே அந்தம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துப் படிக்கு ஓடும், இறக்கை போனபிறகு வந்து உட்காரும். அப்புறம் எழுந்து மட்டும் நிற்கும். அப்புறம் அதுவும் இல்லை. "எந்திரிங்கக்கா" என்று ஒருமுறை கத்தினேன். "நீ இருந்தீன்னா நா ஏந் தம்பி எந்திரிக்கறேன்? நீ பாத்துக்க மாட்டயா?" என்று சொல்லிவிட்டுக் கட்டின சரத்தைக் கையால் முழம் போட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்துபோனது. முட்டாள். அன்றைக்கே அதட்டி எழுப்பியிருக்க வேண்டும்.

போன லோடில் அது நடந்தது. நடந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வால் பாதி திரும்பிக்கொண்டிருந்தது, மண்டபத்துச் சுவர் தாண்டியாகிவிட்டது, இனி மெதுவாக நேராக்க வேண்டியதுதான், அப்போது கடைசிச் சக்கரம் ஒரு துடி துடித்தது. இடது வலது இடது. இறக்கையின் நுனி மாரக்காவின் குடைக்கு மேலே போய் வந்தது. மீன் வால் ஆட்டுகிற மாதிரி, சத்தமில்லாமல், அவ்வளவு பெரிய சாமான். மாரக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குடையின் துணி மட்டும் காற்றில் உப்பி அடங்கியது. நான் ரிமோட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன், நின்றுவிட்டது. இறுக்கிப் பிடித்தால் நின்றுவிடுகிறது. சூப்பர்வைசர் ஆரோக்கியராஜ் பின்னால் ஜீப்பில் வந்தவர் இறங்கி ஓடிவந்து, "ரிமோட்டுல லூஸ் காண்டாக்ட் இருக்கும்போல அண்ணாச்சி" என்றார். தூத்துக்குடிக்காரர், தங்கமான மனிதர். நான் ஆமாம் என்றேன். அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும் என்பது போல ஆமாம் என்றேன். ரிமோட்டை மாற்றிவிட்டார்கள். பழைய ரிமோட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு டெக்னீஷியன் ஒன்றும் இல்லையே என்றாராம். ஒன்றும் இல்லையே. அந்த வாக்கியம்தான் என்னைக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏற்றியது. வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, யார் தலைக்கு மேலேயும் இறக்கை இல்லாமல், ஒரு சக்கரம் ஆடுகிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும், பார்க்கவும் கூடாது. அதற்குத்தான் இந்தப் பொம்மை. சாரதாமணியிடம் பொழுதுபோக்கு என்று சொன்னேன். "சீட்டாடறதுக்கு இது தேவலைங்க" என்றாள்.

நாளைக்கு விடிகாலையில் அடுத்த லோடு. அதே சந்தைக்கடை முக்கு. காலையிலேயே ஆரோக்கியராஜ் போன் பண்ணினார். "அண்ணாச்சி, வந்துருவியள்லா? முடியலன்னா சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்த சொல்லிருங்க, நான் வேற ஆளப் பாக்கணும்." முடியவில்லை என்றால். ஏன் அப்படிக் கேட்டார்? முன்னால் எல்லாம் அப்படிக் கேட்டதில்லை, ஏறிருங்க என்று மட்டும்தான் சொல்வார். கவனித்திருப்பாரோ. டீ குடிக்கும்போது நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்ததைப் பார்த்திருப்பாரோ. குளிருக்கு என்று நினைத்திருப்பார். பல்லடத்தில் ஏது குளிர். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அதைப் பார்த்தால் அது என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. சரி, சர்வோவை மாட்டு. நாலே திருகாணி. பழையதைக் கழற்றியாகிவிட்டது. அந்தப் பிளாஸ்டிக் பல்லு சர்வோவை மாட்டி முதல் நாள் போட்டபோது முன்சக்கரம் துடித்தது, நிரஞ்சன் சொன்ன மாதிரியே துடித்தது, அவ்வளவு ஆனந்தமாக எதையும் நான் பார்த்ததில்லை. அப்புறம் நிரஞ்சனே போன் பண்ணி எப்படி ஓடுகிறது என்று கேட்டார். துடிக்கிறது என்றேன். சர்வோவுக்குப் போகிற மின்சாரம் ஒழுங்காக இல்லாமல் இருக்கும் என்று சொல்லி அதற்கென்று தனியாக ஒரு சின்னப் பெட்டி அனுப்பினார். மாட்டினேன். துடித்தது. ஒயரில் மாட்ட ஒரு வளையம் அனுப்பினார். துடித்தது. ரேடியோ பேச்சைக் கேட்டு வண்டிக்குச் சொல்கிற ரிசீவரை மாற்றிக் கொடுத்தார். துடித்தது. பாவம், அந்த மனிதர் தன் தொழில்மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். கடைசியில்தான் கேட்டார், "அண்ணா, ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. ரேடியோவ மேசைல வெச்சுட்டு, கைய எடுத்துட்டுப் பாருங்க. அப்பயும் ஆடினா சர்வோதான்." ஆடாவிட்டால் என்னவென்று அவர் சொல்லவில்லை. "ஹலோ, ஹலோ, சரியா கேக்கலீங்க" என்று நான் போனை வைத்துவிட்டேன். மறுநாள் நானே கூப்பிட்டு, இருக்கிறதிலேயே ஒசத்தியான சர்வோவை அனுப்பச் சொன்னேன். "இது ஆடாதுண்ணா. இதுவும் ஆடிச்சுன்னா நான் கடைய மூடிட்டு மறுபடி வேலைக்கே போயிர்றேன்" என்றார். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே வேறு யாரோ சிரிக்கிற மாதிரிக் கேட்டது.

திருகாணி விழுந்துவிட்டது. மேசைக்கு அடியில் எங்கேயோ. கடுகு அளவுத் திருகாணி, முடுக்குகிற சாவியின் நுனியில் வைத்து ஓட்டைக்குக் கொண்டுபோகும்போது ஓட்டை ஒருபக்கம், திருகாணி ஒருபக்கம். இது தறி. இல்லை, இது கண்ணாடி, கண்ணாடியை மாற்ற வேண்டும், தூரப்பார்வை கூடிவிட்டது. குனிந்து தேடுகிறேன், டைல்ஸ் சில்லென்று இருக்கிறது, மேசைக்கு அடியிலிருந்து பார்த்தால் வீடு வேறொருவர் வீடு மாதிரி இருக்கிறது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததா? அப்பா ஸ்பின்னிங் மில்லில் அறுந்த நூலை ஓடிக்கொண்டே முடிச்சுப்போடுகிற ஆள், அந்தக் கை கடைசியில் வட்டலுக்கும் வாய்க்கும் நடுவில் சோற்றைச் சிந்திக்கொண்டே போகும். சிந்தினதை அவர் இடது கையால் மூடி மறைப்பார். நாங்கள் எல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம். யாரும் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தோம். இப்போது யோசித்தால், அந்த வட்டலைச் சுற்றி அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் அவர் தனியாகத்தான் இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனேன், போகவில்லை என்று சொல்ல முடியாது, நரம்பு டாக்டர் பெயர்ப்பலகையை வாசலில் நின்று முழுதாகப் படித்தேன், படிப்பெல்லாம் பெரிய படிப்பு, படித்துவிட்டு எதிரில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாரதாமணி ஆரஞ்சைப் பார்த்து "யாரைங்க ஆஸ்பத்திரில பாத்தீங்க?" என்றாள். யாரையும் இல்லை என்றேன். இப்போதெல்லாம் அவளும் ரொம்பக் கேட்பதில்லை, சிக்கனக்காரியாகிவிட்டாள், பேச்சில் மட்டுமில்லை, காப்பியும் அரை டம்ளர்தான் கொடுக்கிறாள். தைக்கு முன்னாலிருந்தே இப்படித்தான். கேட்டால், "ஆறிப்போயிருமுங்க, குடிங்க, வேணும்னா இன்னொருக்கா ஊத்தறேன்" என்கிறாள். பால்காரர் தண்ணீர் கலப்பது போதாதென்று இவள் வேறு. இதோ திருகாணி.

இன்னொரு வழி இருக்கிறது. அதை நான் நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தினமும் நினைக்கிறேன். இந்த ரேடியோவில் ஒரு அமைப்பு உண்டு, குச்சியின் நடுவில் கொஞ்ச இடத்தைச் செத்த இடமாக வைத்துவிடலாம். நிரஞ்சன் அதை டெட் ஜோன் என்றார், நான் மனசுக்குள் ஊமை இடம் என்று பேர் வைத்துக்கொண்டேன். அந்த இடத்துக்குள் விரல் என்ன ஆடினாலும் சக்கரத்துக்குக் கேட்காது. அகலமாக வைத்துவிட்டால் எந்த நடுக்கமும் வெளியே தெரியாது, குச்சி ஆடும், சக்கரம் சாது மாதிரி நிற்கும். என் வேலை ரிமோட்டிலும் இது உண்டு. டெக்னீஷியனிடம் தனியாகச் சொன்னால் வைத்துக்கொடுத்துவிடுவார், குச்சி ரொம்பத் துடியாக இருக்கிறது, கொஞ்சம் மந்தமாக்குங்கள் என்றால் போதும், யாருக்கும் சந்தேகம் வராது. நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம், ரிடையர் ஆகிறவரை போகலாம். ஆனால் சந்தைக்கடை முக்கில் நெல்மணி அளவுதான் தள்ள வேண்டும். அந்த நெல்மணி ஊமை இடத்துக்குள் போய்விடும். நான் தள்ளுவேன், சக்கரத்துக்குக் கேட்காது. இன்னும் தள்ளுவேன், கேட்காது. இன்னும் தள்ளுவேன், அப்போது ஒரேயடியாகக் கேட்கும். மாரக்கா சரத்தை முழம் போட்டுக்கொண்டிருக்கும். தலை குனிந்து, நாக்கை மடித்து, நூலை இழுத்து. பயமாக இருக்கிறது. வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை, அதனால் மேசையிடம் சொல்கிறேன், பயமாக இருக்கிறது. வேலை போய்விடுமே என்ற பயமா, அந்தம்மா தலை பற்றிய பயமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்துவிடுமோ என்று இன்னொரு பயம்.

மாட்டியாகிவிட்டது. பாட்டரியைச் செருகியாகிவிட்டது. ரேடியோவைப் போடு. கட்டைவிரலை வை. இப்போது இடது கை. சுவிட்ச். வண்டி கீ என்று ஒரு சத்தம் போட்டு உயிர்பெறுகிறது, முன்சக்கரம் நேராக வந்து நிற்கிறது. நிற்கிறது. நிற்கிறது பார், நிரஞ்சா, நீ கடையை மூட வேண்டாம், உனக்குக் கோயில் கட்டலாம், நிற்கிறது. இல்லை. துடிக்கிறது. பிளாஸ்டிக் சர்வோ மாதிரிக் கொரகொரவென்று இல்லை, இது ஒசத்தியான சாமான், சுத்தமாக, துல்லியமாக, விரல் எப்படி எப்படி ஆடுகிறதோ அப்படி அப்படியே, ஒன்றைக்கூட விடாமல் காட்டுகிறது. பாவிகள், இவ்வளவு நல்ல சாமானையா செய்து வைப்பார்கள்? தறி. தறி ஓடுகிறது, தறிதான், மேசை ஆடுகிறது, படி ஆடுகிறது, படிமேல் வண்டி ஆடுகிறது. சொம்பைப் பார்த்தேன், தண்ணீரில் வட்டம் வந்துகொண்டுதான் இருக்கிறது, அப்பாடா. அப்போது தறி நின்றது. டீக்கு நிறுத்துகிறார்கள், தினமும் நிறுத்துகிறதுதான், தினமும் இந்த நேரத்துக்கு நான் வண்டியை மூட்டை கட்டியிருப்பேன், இன்றைக்குத் திருகாணியால் நேரமாகிவிட்டது. அமைதி வந்து காதை அடைக்கிறது. சொம்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக் கண்ணாடி மாதிரி நிற்கிறது. மேசை நிற்கிறது. வீடு நிற்கிறது. அந்த இரண்டு சக்கரம் மட்டும் ஆடுகிறது. சர்வோவின் சத்தம் இப்போதுதான் கேட்கிறது, கொசு மாதிரி, ங்ஙீ ங்ஙீ ங்ஙீ. கட்டைவிரலை எடுத்தால் போதும். ஒரே ஒரு விரல். எடு. எடுத்துவிட்டால் தெரிந்துவிடும். தெரியத்தானே வாங்கினாய். எடுக்க முடியவில்லை. தோளிலிருந்து வேர்வை முழங்கைக்கு இறங்குகிறது. எவ்வளவு நேரம் இப்படி உட்கார்ந்திருப்பேன்? பாட்டரி தீர்ந்தால் வண்டி தானாக நின்றுவிடும், அப்போது விரலை எடுத்துக்கொள்ளலாம், அப்போதும் ஒன்றும் தெரியாமல் போய்விடும், அதுவரை இப்படியே இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன், அப்படி நினைக்கிற மனிதன் யாரென்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெளியே இரும்புக் கதவின் கொக்கி சத்தம்.

சாரதாமணி செருப்பைக் கழற்றுகிறாள். "ஏனுங்க, சோறு உண்டீங்களா இல்லீங்களா? வட்டல் கவுத்தினது கவுத்தினபடி இருக்குது" என்றபடி உள்ளே வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள். நான் நிமிரவில்லை. "இங்க வா" என்றேன். "இதக் கொஞ்சம் புடி."

"எனக்கு என்னங்க தெரியும் இதெல்லாம்."

"ஒண்ணும் பண்ண வேண்டாம். கட்டவிரல அந்தக் குச்சிமேல வெச்சுக்க. அமுக்காத."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் விரல் குச்சிக்கு வந்த பிறகுதான் என் விரலை உருவினேன், ஒரு நொடிகூடக் காலியாக விடவில்லை, அந்தக் கடைசி மோசடியையும் பண்ணினேன். ரேடியோ அவள் கைக்குப் போனது. சக்கரம் இரண்டும் நின்றன. கொசுச் சத்தம் நின்றது. சுவரில் அறைந்த ஆணி மாதிரி, ஒரு மயிரிழைகூட அசையாமல் நின்றன. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் சக்கரத்தைத்தான் பார்த்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை, நாங்கள் அப்பாவுக்காகச் சுவரைப் பார்த்தோமே, அந்த மாதிரி. "காப்பி வெக்கட்டுங்களா?" என்றாள். ரேடியோவை மெதுவாக மேசைமேல் வைத்தாள். வெறும் ரேடியோ, யார் கையும் இல்லாமல். வண்டி அப்படியே நின்றது.

காப்பி வந்தது. அரை டம்ளர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரணம் பாலும் இல்லை, சிக்கனமும் இல்லை. நான் சிந்தக் கூடாது என்று, சிந்தினதை நான் பார்க்கக் கூடாது என்று, எனக்கே தெரியாத மாதிரி நான் வைத்திருந்ததை அவளும் தெரியாத மாதிரி வைத்திருந்திருக்கிறாள், தைக்கு முன்னாலிருந்து, தினமும் இரண்டு வேளை. இத்தனை நாளும் அவளைப் பால் விஷயத்தில் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, அடக்கவில்லை.

"இன்னிக்கு நெறைய ஊத்து சாரதா" என்றேன்.

அவள் போய்ப் பாத்திரத்தோடு வந்து விளிம்பு வரைக்கும் ஊற்றினாள். நான் ஒரு கையால் எடுத்தேன். வலது கையால். மேசையிலிருந்து வாய்க்கு வருவதற்குள் சுடச்சுட விரலில் வழிந்தது, செய்தித்தாளில் சொட்டியது, வண்டியின் கூண்டுமேலேயும் சொட்டியது. இடது கையால் நான் மறைக்கவில்லை. அவள் சுவரைப் பார்க்கவில்லை. மிச்சத்தைக் குடித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் முந்தானையால் என் விரலைத் துடைத்தாள்.

கவிழ்த்து வைத்திருந்த போன் மேசைமேல் அதிர்ந்தது. சாரதாமணியே எடுத்து என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, என்ன, வாரியளா?" என்றார் ஆரோக்கியராஜ்.

"இல்லீங்க. லூஸ் காண்டாக்ட் ரிமோட்ல இல்லீங்க. என்ற கைதான் நடுங்குது."

அந்தப் பக்கம் ஜீப்பை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "சரி அண்ணாச்சி. சங்ககிரியில ஒருத்தர் இருக்காரு, அவரப் போடுதேன். நீங்க ஒடம்பப் பாருங்க. அப்பொறமா வீட்டுக்கு வாரேன்" என்றார். பக்கத்து வீட்டில் தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

"இருங்க, வெச்சராதீங்க. சந்தைக்கடை முக்குல பூ விக்கற மாரக்காகிட்ட மட்டும் முன்னாடியே போயிச் சொல்லிருங்க" என்றேன். "நாளைக்கு நா வரல, எந்திரிச்சு தள்ளி நிக்கோணும்னு."